ஆளில்லாத ஃபவுல்

எழுபத்தோராம் நிமிடம்.
கெண்டைக்காலில் பின்னாலிருந்து யாரோ உதைத்தார்கள்.
திரும்பினேன், ஆளில்லை.
பீடோர் திடலோரம் ஒரு செம்பனை லோரி
குலை குலுங்கப் போய்க்கொண்டிருந்தது.

விசில் வாயிலேயே இருந்தது.
யாருக்கு எதிராக ஊதுவது?

இந்த வருஷம் மூன்றாம் தடவை.
போன முறை பாதம்; வீங்கிப்போய்
காலணியை வெட்டித்தான் எடுத்தாள் தவமலர்.
"நாப்பது வெள்ளிக்கு இது தேவையா?"

நொண்டிப் போய்ச் சேருமுன்
கோட்டருகே பந்து. உள்ளேயா, வெளியேயா?
"ரெஃப்ரீ, கண்ணு தெரியலயா?"
கண் தெரிந்தது. கால்தான் வந்து சேரவில்லை.
கோல்கீப்பர் ஹைருலின் முகத்தைப் பார்த்தேன்.
உள்ளேதான்.
கையை நடுவட்டத்துக்கு நீட்டினேன்.

இரவு, வாசலிலிருந்து
நேராக நடந்து காட்டினேன்.
தவமலர் என் முகத்தைப் பார்த்தாள்,
ஐஸ் எடுக்கப் போனாள்.