நானூற்று எண்பது மணி

படிவத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன்,
கைப்பழக்கம்.
எங்கள் ஆலைக் காகிதம் இல்லை. மெலிசு.
மூன்றாம் எந்திரத்தில் இப்படி வந்தால்
ஏமியல் சுருளையே கழித்துக் கட்டுவான்.

பன்னிரண்டு வாரம். சம்பளம் கிடையாது, வேலை போகாது.
வேண்டுமானால் மணிக்கணக்காகப் பிய்த்தும் எடுக்கலாம் என்றாள்
அலுவலகப் பெண்,
ரொட்டியைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒரு கேள்வி டாக்டருக்கு:
இந்நிலை எவ்வளவு காலம் நீடிக்கும்?
அவர் பேனாவை மூடினார். திறந்தார்.
கட்டம் சின்னது,
'தெரியாது' என்று எழுத இடமிருந்தது.
அப்படி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.
ஆறு மாதம் என்று எழுதினார்,
என்னைப் பார்க்காமல்.

போர்ட்லாண்டுக்கு இரண்டு மணி, திரும்ப இரண்டு,
மருந்து சொட்டி முடிய நான்கு.
எட்டைக் கழித்தேன்.
மேய்ன் முழுக்கப் பனி கொட்டிய நாளில் பதினொன்று.
ஒடெட் விடிய விடிய வாந்தியெடுத்த இரவுக்கு
எதுவும் கழிக்கவில்லை;
அது என் ஷிஃப்ட் அல்ல.

ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சலே இல்லை.
கிளாரிஸ் பான்கேக் சுட்டாள், மூவரும் தின்றோம்.
அதையும் எடுத்துக்கொண்டேன், நான்கு மணி.
காரணம் என்ற இடத்தில்
'சிகிச்சை' என்று எழுதினேன்.

மீதி முப்பத்தாறு.
ஏமியல் போனில் சொல்கிறான்:
உன் லாக்கரை ஒருத்தனும் தொடவில்லை,
பூட்டுக்கு எண்ணெய்கூட விட்டுவைத்திருக்கிறேன்.

தலையணையிலிருந்து ஒடெட் கேட்கிறாள்:
"இன்னும் எத்தனை வெச்சிருக்கேப்பா?"
எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்,
கூட ஒன்று சேர்த்து.