தவளை இறங்கிய இடம்

லில்லி புஷ்பத்தின் பதினேழு புத்தகங்களுக்கும்
படம் போட்டவன் நான்.
நேரில் பார்த்தது மூன்றே தடவை.

தக்கலை மின்வாரிய ஆபீசில்
புகார்ப் பதிவேடு அவர் வேலை.
ஆனிக் காற்றில் ரப்பர் மரம்
கம்பிமேல் சாய்ந்த இரவுகளில்
"கரண்டு போச்சு" என்று விடிய விடிய போன் வரும்.
கீழே வைக்க நேரமில்லாத பேனா
ஓய்ந்த நேரத்தில்
புகார்ச் சீட்டின் முதுகில் எழுதிப் பார்க்கும்:
பல்லே இல்லாத நண்டுக்குப் பல்வலி.
பலாப்பழத்துக்குள் வழி கேட்கும் எறும்பு.

எனக்கு வரும் தாளைத் திருப்பினால்
'திருவிதாங்கோடு, டிரான்ஸ்பார்மரில் தீப்பொறி.'
என் நண்டின் கண்ணில் பொறி பறந்தது
அப்படித்தான்.

மார்த்தாண்டத்தில் மழைக்கு ஒதுங்கிய தவளை
பஸ் ஏறும்.
டிக்கெட்டுக்கு ஈர இலை ஒன்றை நீட்டிவிட்டு
ஜன்னலோரம் தூங்கிப்போகும்.
கதை அவ்வளவுதான்.

'இறுதியில் நீதி சேர்க்கவும்' என்று
திருப்பி அனுப்பியது சென்னைப் பதிப்பகம்.
கார்டில் பதில் போட்டார்:
'நீதி: தவளைக்குத் தூக்கம் வந்தது.'
அவர்கள் போடவில்லை.
பி.எஃப். கடனில் இவரே போட்டார், ஐந்நூறு பிரதி.
எனக்குப் படத்துக்கு எழுபத்தைந்து ரூபாய்,
மணியார்டரில், ஒரு மாதமும் தவறாமல்.

விற்காத கட்டுகள் குலசேகரத்தில்
தம்பி வீட்டுப் புகைப்புரையை ஒட்டிய அறையில்,
ரப்பர் ஷீட்டுகளோடு.
இன்றும் அந்தப் புத்தகத்தை விரித்தால்
கதைக்கு முன்னால் புகை வரும்.
லீவு நாட்களில் பள்ளிக்கூடங்களுக்குச் சுமந்துபோவார்.
"பொது அறிவு உண்டா இதுல?" என்பார்கள்.
"இல்ல சார்" என்று
இரண்டு பிரதி இனாமாக வைத்துவிட்டு வருவார்.

ஓய்வு பெற்ற மறுவருஷம்
நாகர்கோவிலில் ஒரு பாராட்டுக் கூட்டம்.
நரை தட்டிய வாசகர்கள் முப்பது பேர்.
"கருங்கல்ல தவளை இறங்கினப்போ..." என்று
ஒரு வங்கி அதிகாரி தொடங்கினார்.
"கருங்கல்லா? மண்டைக்காட்டிலயாக்கும்!"
"சும்மா இரும் ஓய், குளச்சல்ல.
எனக்க கிட்ட கார்டு உண்டு."
மூன்று கார்டுகள், ஏழு, பதினொன்று,
எல்லாம் ஒரே சாய்ந்த கையெழுத்து.
எந்தப் பிள்ளை எழுதிக் கேட்டதோ
அந்தப் பிள்ளையின் ஊரில் இறங்கியிருந்தது தவளை.
பேச்சிப்பாறைக்கும் அப்பால்
பஸ்ஸே போகாத மலையிலிருந்து கேட்டவளுக்கு:
'அன்று மட்டும் போனது.'

மேடையில் அவர்
போன் தின்ற இடது காதைக்
கூச்சல் பக்கம் காட்டி உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலை எனக்கு.
"எனக்கு மட்டும் கார்டு வரலியே?" என்றேன்.
"நீங்க கேக்கலியே."
அவியலை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:
"டிரைவரை வரைய மறந்துட்டிய.
முத பதிப்புலயே ஒரு பொடியன் கண்டுபிடிச்சு எழுதினான்."
"என்ன பதில் போட்டிய?"
"படம் போட்டவருதான் ஓட்டுதாரு,
அதனால படத்துல இல்லேன்னு."

இரணியலுக்கு வந்துசேர்ந்து
அந்தப் பக்கத்தை எடுத்தேன்.
ஸ்டியரிங் இருக்கிறது.
கண்ணாடியில் எலுமிச்சம்பழம்கூட ஆடுகிறது.
இருக்கை காலி.
பென்சிலைச் சீவினேன்,
கூர் போதாமல் இன்னொரு தரம்.
பிறகு
வைத்துவிட்டேன்.