பத்தாயிரம் சொட்டு

கணக்கில்லாத குரூப் என்றுதான்
பதினொன்றாவதில் பயாலஜி எடுத்தேன்.
கணக்கில்லாத வேலை என்றுதான்
நர்சிங்குக்கு மனுப் போட்டேன்.
பழைய புத்தகக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய
முதலாண்டுப் புத்தகத்தில்
பன்னிரண்டாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது அது,
வராதே என்று சொல்லிவிட்ட ஒறம்பரை
வாசலில் செருப்பைக் கழற்றின மாதிரி.

யாரும் என்னை அடித்ததில்லை.
காங்கேயத்துப் பள்ளியில், எட்டாவது,
போர்டில் நான் வைத்த புள்ளி ஒரு இடம் தள்ளிப் போனது.
"பரவால்ல கண்ணு, உக்காரு" என்றார் ரங்கநாயகி டீச்சர்.
அந்தப் பரவால்ல
பதினோரு வருசமாய் உக்காரச் சொல்கிறது.

தமிழில் எத்தனை ஆயிரம் புள்ளி வைத்திருப்பேன்.
கண் என்று எழுதுகையில் விட்டுப்போனால்
கண என்று முழிக்கும்;
சிரித்துக்கொண்டே வைத்துவிடுவேன்.
எண்ணுக்குள் வைக்க மட்டும் கை வேர்க்கும்.
ஒரு புள்ளி தப்பினால் பத்து மடங்கு மருந்து
என்கிறது பன்னிரண்டாம் பக்கம்,
சோறு வெந்துருச்சா என்று கேட்கிற குரலில்.

ஆடி நோம்பி முடிந்து தம்பி நவநீதனுக்குக் காய்ச்சல்.
பெருந்துறை ஆஸ்பத்திரி, கடைசிக் கட்டில்.
ராத்திரி பதினொன்றுக்குப் புது பாட்டில் மாட்டினார் எஸ்தர் சிஸ்டர்.
ஐந்நூறு மில்லி.
குழாய் வந்த உறையைக் குப்பையில் போடும் முன் படித்தேன்:
ஒரு மில்லிக்கு இருபது சொட்டு.
பொழுது போகணுமே.
எதிர்க்கட்டில்காரர் வாட்ச்சை எட்டிப் பார்த்து
அரை நிமிசம் எண்ணினேன். பதினாறு.
இன்னொரு தரம். பதினாறு.

அப்படியானால் நிமிசத்துக்கு முப்பத்திரண்டு.
பாட்டிலுக்குள் பத்தாயிரம்.
பத்தாயிரத்தை முப்பத்திரண்டால்,
என்று நினைத்ததும் வந்துவிட்டது அது.
நாக்கு வறண்டது, காது சுட்டது.
எழுந்துபோய்த் தண்ணி குடித்தேன்.
திரும்பி வந்தால் சொட்டு
அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.
என் வெசனத்துக்கெல்லாம் அது நிற்காது.

முப்பத்திரண்டு.
நாலு வருசமாய்த் திருப்பூரில் பேக்கிங் செக்சன்.
துணியை அஞ்சு தரம் பாதியாய் மடித்தால்
முப்பத்திரண்டு அடுக்கு.
அது விரலுக்குத் தெரியும்.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்
பத்தாயிரத்தை மடிக்க ஆரம்பித்தேன்.
ஐயாயிரம். இரண்டாயிரத்து ஐந்நூறு.
ஆயிரத்து இருநூற்றைம்பது.
அறுநூற்று இருபத்தைந்து.
கடைசி மடிப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு,
ஒற்றையாய் ஒன்று மிஞ்சியது.
அதையும் மடித்தேன். அரை.
அரை என்றால் பயமில்லை, அரைப்படி, அரைக்கிலோ.
புள்ளி போட்டு ஐந்து எழுதிய பிறகுதான் பார்த்தேன்,
புள்ளி வைத்திருக்கிறேன்.

அஞ்சு மணி நேரம், பன்னிரண்டு நிமிசம், சொச்சம்.
"நாலு பன்னண்டுக்குத் தீந்துருமுங் சிஸ்டர்."
"பாக்கலாமுங்" என்று பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார்
பிரஷர் மிசினோடு.

தூங்கவில்லை.
சிப்காட்டுக்கு ஆளேற்றும் வேன் ஒன்று ஆரன் அடித்துப் போனது.
நாலு பத்து.
நாலு பன்னிரண்டு.
பாட்டில் கழுத்தில் இன்னும் கொஞ்சம்.
நாலு பதினேழுக்குத்தான் தீர்ந்தது.

ஐந்து நிமிசம் தப்பு.
நடுவில் நவநீதன் கையை மடக்கிப் படுத்தான்,
அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.
ஆள் புரண்டு படுப்பான் என்பதையும் இனிச் சேர்க்கணும்.

சிஸ்டரைக் கூப்பிட எழுந்தேன்.
வந்துகொண்டிருந்தார், கையில் அடுத்த பாட்டில்.
அதன் வயிற்றில் அச்சடித்திருந்தது:
பூஜ்யம், ஒரு புள்ளி, ஒன்பது.
முன் பாட்டிலிலும் இருந்திருக்கும்,
நான்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
காது சுட்டது.
இன்னொரு தரம் படித்தேன்.