நூற்றுக்கு மூன்று

பெட்டி வின்னிபெக் வந்து சேர்ந்தது
மார்ச் மாதத்துச் சேற்று நாளொன்றில்.
பதினேழு பேரேடுகள், ஒரு கடிதக் கட்டு,
எலி தின்று மிச்சம் வைத்த ஓட்ஸ் சாக்கின் மூலை.
நான் கணக்குத் தணிக்கை செய்பவள்.
எங்கள் குடும்பத்தில் கூட்டல் தெரிந்தவள் என்று
என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கேவின் இஸ்பிஸ்டர், என் பாட்டனாரின் தகப்பன்,
ஓர்க்னித் தீவில் கப்பலேறி
ரயில் நின்று மூச்சு வாங்கும் ஸ்டென்னஸ் சைடிங்கில்
பலகைக் கடை போட்டார்.
தானியம் வாங்கப்படும். தீவனம் விற்கப்படும்.
கடை நின்ற நிலம் யாருடையதாக இருந்தது என்பதற்கு
எந்தப் பேரேட்டிலும் வரி இல்லை.
சுற்றிலும் புல். முதல் பக்கத்து ஓரத்தில் எழுதியிருக்கிறார்:
"இங்கே அலை உண்டு, கரை இல்லை."

ஒரே தராசு.
வாங்கவும் அதுதான், விற்கவும் அதுதான்,
பிள்ளை பிறந்தால் நிறுக்கவும் அதுதான்.
பார்லிக்கும் தவிட்டுக்கும் நடுவே
'ரொபீனா, எட்டு பவுண்டு. ஹெரால்ட், ஒன்பதரை.'
சாக்கின் மேல் பிள்ளையைப் போட
ஜெமைமா சம்மதிக்கவில்லை போலும்,
தன் கல்யாணச் சால்வையை விரித்திருக்கிறாள்.
சால்வையின் எடையைக் கழித்து எழுதியிருக்கிறார்.
மனுஷன் அப்படி.

1924இல் அரசாங்க ஆய்வாளர்
பித்தளைப் படிக்கற்களோடு வந்தார்.
நூறு வைத்தார்.
முள் நூற்று மூன்றில் நின்றது.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு கட்சி.
விவசாயிக்கு அள்ளிக் கொடுத்த கை என்பார்கள்
ரொபீனா வழியினர்.
போங்கப்பா, தீவனம் விற்றதும் அதே தராசில்தானே
என்பார்கள் ஹெரால்ட் வழியினர்.
எந்தக் கல்யாணத்திலும்
கேக் வெட்டுமுன் தராசு வந்துவிடும்.

கடிதக் கட்டைப் பிரித்தேன்.
இருபத்தாறு வருஷம், எல்லாமே ரயில் கம்பெனிக்கு.
"ஐயா, ஃபோர்ட் வில்லியத்தில் என் கோதுமை மறுபடி குறைகிறது.
ஓட்டை உங்கள் பெட்டியில், இல்லையென்றால்
உங்கள் ஆட்களின் கையில்."
பதில் ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம்:
பெட்டியைச் சோதித்தோம், ஓட்டை இல்லை.
ஒரே ஒருமுறை, தொல்லை தாங்காமல்,
பதினோரு டாலருக்குக் காசோலை அனுப்பினார்கள்.
அவர் அதை மாற்றவில்லை. சட்டம் போட்டு மாட்டினார்.
1924க்குப் பிறகு கடிதமே இல்லை.
மன்னிப்புக் கேட்டும் ஒன்று இல்லை.

ஆக, வள்ளலும் இல்லை, கள்ளனும் இல்லை.
தெரியாது, அவ்வளவுதான்.

தெரிந்த ஒருவர் இருந்தார்.
பாத்தீஸ்த் லாவலே, மேட்டி இனத்து வண்டிக்காரர்,
ஆற்றுப் பக்கத்திலிருந்து மூட்டை ஏற்றி வந்தவர்.
1909 அக்டோபரில், சிவப்பு மையில்:
'தராசு பொய் சொல்கிறது, என் தோள் சொல்லாது என்றான் லாவலே.
வாய்க்கொழுப்பு. ஐம்பது சென்ட் பிடித்தம்.'
அந்த ஐம்பது சென்ட் திரும்பிப் போனதா என்று
கடைசிப் பேரேடு வரை தேடினேன்.
போகவில்லை.
லாவலே என்ற பெயரில் இந்த ஊர்த் தொலைபேசிப் புத்தகத்தில்
நாற்பத்தொரு பேர். இன்னும் யாரையும் கூப்பிடவில்லை.

கோதுமையில் விட்டதையும் தீவனத்தில் பிடித்ததையும்
கூட்டிக் கழித்தால் அவருக்கு நஷ்டம்
அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
இரண்டு குதிரை, ஒரு கூரை.
இரண்டு கட்சிக்கும் அனுப்பிவிட்டேன்.
இரண்டும் நம்பவில்லை.

பிறகு, வேலை முடிந்த பழக்கத்தில்,
பிள்ளைகளையும் திருத்தினேன்.
ரொபீனாவில் கால் பவுண்டு போயிற்று.
ஹெரால்டில் அதற்கும் சற்று மேல்.
என் பாட்டனாரும் எழுதிய அளவுக்கு இல்லை.

1904 ஏப்ரலில் ஒரு வரி: 'பெண், நான்கு பவுண்டு.'
பெயர் இல்லை. ஒன்பது நாள் கழித்து
ஆணி, பலகை, கடைச் செலவில்.
திருத்தினால் அவளுக்கு இரண்டு அவுன்ஸ் போகும்.
பென்சிலை எடுத்தேன்.
தராசு எந்த ஆண்டு கெட்டது என்று யாருக்கும் தெரியாதே
என்று எனக்கு நானே சாட்சி சொல்லி,
தொழில் தர்மத்துக்கு விரோதமாக,
நான்கை நான்காகவே விட்டேன்.