நாலாவது வரி

இருபத்தோரு வருடமாக எழுதுகிறேன்.
படகுக் கம்பெனி தந்த சாம்பல்நிறக் குறிப்பேட்டில்
தேதி, காற்று, டீசல், கழற்றியது, மாட்டியது.
இரவு பத்தேகாலுக்கு,
சாக்ஸ் காயும் ரேடியேட்டர் ஓரமாய் உட்கார்ந்து
நாளுக்கு மூன்று வரி.
நாலாவது வரிக்கு ஒருநாளும் வேலை வந்ததில்லை.

ஃபாரோ தீவுகளில் காற்று ஓய்ந்தால்தான் செய்தி.
அப்படி ஓய்ந்த நாட்கள் என்னிடம்
வருட வாரியாக இருக்கின்றன.

பார்பாவுக்கு எட்டு வயது.
பள்ளியில் கொடுத்த நோட்டின் அட்டையில் ஒரு பஃபின் பறவை,
அதற்கு இவள் வைத்த மீசை.
தினமும் எழுதுகிறாள், எழுதுவதெல்லாம் பொய்.
"இன்று ஓர் ஆடு வந்து நம் வீட்டை விலைக்குக் கேட்டது."
"மூடுபனியைக் கடித்துப் பார்த்தேன். உப்பு போதாது."
டீச்சர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
இது நடந்ததா?
கீழே பென்சிலில் பதில்:
நடந்துகொண்டிருக்கிறது.

நடந்ததை மட்டும் எழுது, கண்ணு,
என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.
என் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிவிட்டு
"இதில் ஆளே இல்லையே" என்றாள்.

பிப்ரவரியில் வக்கீலிடமிருந்து படிவம் வந்தது.
நாலாவது கட்டத்தில் ஒரு கேள்வி:
மனைவி வீட்டைவிட்டுச் சென்ற தேதி.

கோபன்ஹேகனில் தங்கை வீட்டுக்கு, கொஞ்ச நாளைக்கு
என்றுதான் எய்த்னா சொல்லியிருந்தாள்.
கொஞ்ச நாளைக்கு யார் தேதி குறிப்பார்கள்?

அக்டோபரைப் புரட்டினேன்.
காற்று தென்மேற்கு, நொடிக்குப் பதினான்கு மீட்டர்.
வடிகட்டி மாற்றினேன்.
காற்று மேற்கு. பம்பில் கசிவு, அடைத்தேன்.
காற்று தென்மேற்கு.
டீசல் ஒரு லிட்டர் பிசகவில்லை.
அவளைத்தான் எந்தப் பக்கத்திலும் காணோம்.

வெட்கத்தை விட்டு மகளிடம் கேட்டேன்.
அவள் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் தள்ளி
கேட்ட நொடியில் எடுத்து நீட்டினாள்:

"அக்டோபர் 17.
இன்று ஒரு நீலப்பெட்டி
அம்மாவை இழுத்துக்கொண்டு துறைக்குப் போனது.
வகுப்பு ஜன்னலில் பார்த்தேன்.
அப்பா அதே படகில், கீழே, இயந்திர அறையில் இருந்தார்.
அம்மாவைக் கொண்டுபோவது தான்தான் என்று
அவருக்குத் தெரியாது.
ராத்திரி மூன்று தட்டில் உருளைக்கிழங்கு வைத்தார்.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
நோட்டிடம் சொன்னேன், தூக்கம் வந்தது."

என்னுடைய பதினேழைத் தேடி எடுத்தேன்.
அலை மிதம். இடது இயந்திரம் சீர்.
கார் பதினொன்று, ஆட்கள் அறுபத்துமூன்று.

அறுபத்துமூன்று.
எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

அந்தப் பெட்டி நீலமில்லை, பழுப்பு.
நானே வாங்கியது, எனக்குத் தெரியும்.
இந்தப் பிள்ளையின் நோட்டில் இருப்பது அந்த ஒரு பொய்தான்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.
படிவத்தில் தேதியை எழுதி ஒட்டினேன்.
பிறகு குறிப்பேட்டை எடுத்து, பத்தேகால் தாண்டி,
பதினொன்றும் தாண்டி,
பேனாவின் மூடியைக் கடித்துக் கடித்து
முதன்முதலாக நாலாவது வரி எழுதினேன்.
என்ன எழுதினேன் என்பது இங்கே வேண்டாம்.
நல்ல வாக்கியம்கூட இல்லை அது.

வழக்கமாக மூன்று மணிக்கு விழிப்பேன்,
குழாய் சொட்டும் சத்தத்தை எண்ணுவேன்.
அன்று விழிக்கவில்லை.
மறுநாள் அதையும் குறித்துக்கொண்டேன்:
காற்று வடக்கு. டீசல் வழக்கம்போல்.
தூங்கினேன்.

ஒரே இரவில் சரியாகிவிடவில்லை.
சில நாள் நாலாவது வரியில் ஒரு கோடுதான் இழுக்கிறேன்,
அந்தக் கோடும் சில நாள் நேராக வருவதில்லை.
ரொட்டி கருகினால் எழுதுகிறேன்.
கருகியதற்குத் திட்ட ஆளில்லை என்பதை
எழுத ஒரு வாரம் பிடித்தது.

இப்போது மேசையில் இரண்டு பேனா ஓடும் சத்தம்.
ஒருவர் பக்கத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று பேச்சு.
நேற்று மட்டும் அவளாகவே திருப்பிக் காட்டினாள்.
என் நாலு பத்தியை அப்படியே களவாடியிருந்தாள்:

காற்று: அப்பாவின் பக்கமிருந்து, லேசாக.
பால்: அரை லிட்டர்.
கழற்றியது: பல், ஒன்று.
மாட்டியது: இன்னும் இல்லை.