எண்ணுக்கு ஊர்

படகுப் பாதுகாப்புத் தரநிலை, வரைவு ஆறு,
பக்கம் நாற்பத்தொன்று.
நங்கூரச் சங்கிலித் தேய்மானம், அட்டவணை நான்கு.
அதன் கீழே ஒரு வரி அளவுக்கு வெள்ளை.
அந்த வெள்ளையைத் தட்டச்சு செய்தவன் நான்.

ஆதாரம் என்ன போடுவது என்று கேட்டேன்.
"எண்ணுக்கு ஏதுய்யா ஊரு?" என்றார் தலைவர்,
பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி.
குழு சிரித்தது. நானும்தான்.

இருக்கிறது.
எண்ணூர்.

நாங்கள் எடுத்தது ஒரு கம்பெனிக் கையேட்டிலிருந்து.
கையேடு எடுத்தது ஒரு மாணவனின் ப்ராஜெக்ட்டிலிருந்து.
மாணவன் நன்றியுரையில்
"மீனவ நண்பர்கள்" என்று
ஒரே வலையில் எல்லோரையும் வாரிப் போட்டிருந்தான்.
கைமாறும்போதெல்லாம் ஏதோ ஒன்று உதிர்ந்திருக்கிறது:
முதலில் பேர்,
அப்புறம் இடம்,
அப்புறம், அனல்மின் நிலையத்து வெந்நீர்
முகத்துவாரத்தில் கலக்கிற விஷயம்.
எங்களிடம் வந்தபோது
தசமப் புள்ளி மட்டும் பத்திரமாக இருந்தது.

காசிமேட்டில் வெல்டிங் பட்டறை. கஜபதி.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
டீசல் கணக்கு நோட்டை எடுத்துத் தந்தார்.
அமாவாசைக்கு அமாவாசை, மூன்று வருடம்,
எந்தக் கண்ணி எத்தனை மில்லிமீட்டர்.
கிரீஸ் விரல் பட்ட இடங்களில்
எட்டு எது மூன்று எது என்று தெரியவில்லை.
இரண்டை நாங்கள் தப்பாகவே ஏற்றியிருக்கிறோம்.

பேர் போடாததற்கு மன்னிப்பாக
ஒரு வாக்கியத்தை ராயபுரம் பாலத்திலிருந்தே
தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.
அதற்கு இடம் வரவில்லை.
"ஓரத்துல ஒண்ணு எழுதி வெச்சிருந்தனே சார்,
பைபர் போட்டுக்கு மட்டும்னு.
அத்தப் போட்டீங்களா?"

போடவில்லை.
எழுபது அடி விசைப்படகையும்
அதே சங்கிலியில் கட்டியிருந்தது எங்கள் அட்டவணை.

நோட்டைப் புரட்டினேன், வேறென்ன செய்ய.
மூன்றாம் வருடத்து ஏழுகளுக்கெல்லாம்
இடுப்பில் ஒரு கோடு.
"அது நா இல்ல சார். கால் ஒட்ஞ்சி படுத்துனு இருந்தேன்.
அளந்ததெல்லாம் எஸ்தரு, எங்க மச்சினி.
அந்த சுடுதண்ணில எறங்கி நின்னு அளந்துச்சி.
எழுதுனா அது பேரையும் சேத்து எழுது."

வரைவு ஏழு. அட்டவணை நான்கின் கீழே
எட்டுப் புள்ளி எழுத்தில்
இரண்டு பேர், ஓர் ஊர், வெந்நீர், பைபர் படகு.

தரநிலையில் ஆள் பேர் வருவது மரபல்ல, நீக்கவும் என்று
ஓரத்தில் சிவப்பில் எழுதித் திரும்பி வந்திருக்கிறது.
எழுதியது யார் என்று பார்த்தேன்.
கையெழுத்து இல்லை.