பி-தூண், இடப்பக்கம்

கெல்லிவாரேவுக்கு வடக்கே நெடுஞ்சாலையில்
பிற்பகல் இரண்டரைக்கே இருட்டிவிட்டது.
பூச்சியத்துக்குக் கீழே இருபத்தேழு.
எல்க் மானுக்குக் கால்கள் நீளம்.
முட்டினால் உடம்பு நேராகக்
கண்ணாடிக்குத்தான் வரும்,
நானூறு கிலோ, ரோமத்தோடு.

கூரையின் முன்பக்கம் இறங்கியது.
கார் சறுக்கிப் போய் ஒரு பைன் மரத்தில்
வலப்பக்கம் ஒட்டிக்கொண்டது.
இடக்கதவு சட்டத்தைக் கவ்விக்கொண்டது.
தூண் மட்டும் நின்ற இடத்தில் நின்றது.
உள்ளே ஓர் ஆள் உயிரோடு இருக்க
இடம் இருந்தது.
வெளியே வரத்தான் வழியில்லை.

ஐலி லந்தோ கொண்டுவந்த ஹைட்ராலிக் கத்தரிக்கு
வயது பதினாறு.
புதியது வாங்கும் தீர்மானத்தை
நகராட்சி மூன்று முறை தள்ளிவைத்திருந்தது.
எத்தனையோ கார்களைக் கீரைத்தண்டாக
நறுக்கிய கத்தரி.
தூணில் வைத்து அழுத்தினாள்.
பம்பு முனகியது.
எஃகு முனகவில்லை.
கத்தரியின் பல்லிலிருந்து ஒரு சில்லு
தெறித்துப் பனியில் புதைந்தது.

எங்கே வெட்டலாம் என்று காட்டும் வரைபடம்
அவள் போனில் இறங்கிக்கொண்டிருந்தது.
பதினொரு சதவீதம்.
கையுறையால் உறைபனியைத் துடைத்தாள்.
கதவோர மடிப்பில் மூன்று பற்றவைப்புப் புள்ளிகள்,
எஃகு என்று எழுதும்போது
நடுவில் வைக்கிறோமே
அதைப்போல.

"அங்கே வெட்டாதே"
என்றது காருக்குள்ளிருந்து ஒரு குரல்.
"அதை நான்தான் அழுத்துகிறேன்."

சிக்ஸ்டன் ஹெட்மன்,
லூலியோ ஆலை, மூன்றாம் அச்சு, இரவு ஷிப்டு.

உலையை விட்டு வரும்போது தகடு
தொள்ளாயிரத்து முப்பது டிகிரி, செம்பருத்தி நிறம்.
ஏழு நொடிக்குள் அச்சுக்குள் போக வேண்டும்.
அச்சின் வயிற்றில் தண்ணீர் ஓடும்.
மேலும் கீழும் குளிர்ந்த இரும்பு
பத்து எண்ணும்வரை விடாமல் பிடிக்கும்.
சிவந்து போனது சாம்பலாக வரும்,
இனி யார் சொல்லியும் வளையாத பிடிவாதத்தோடு.
சேர்த்த போரான்
பத்து லட்சத்தில் முப்பது பங்கு;
குழம்புக்குப் பெருங்காயம்கூட
அதைவிடத் தாராளமாக விழும்.
தகடு மெலிந்ததால் எடை குறைவு,
எடை குறைந்ததால் பெட்ரோல் மிச்சம்
என்று விற்பனைத் தாளில் இருக்கும்.
கத்தரியைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது.

"கீழே வா. படியிலிருந்து ஒரு சாண்.
அந்த இடத்தில் மட்டும் அச்சைச்
சூடாகவே வைத்திருப்போம்.
மெல்ல ஆறும், மெத்தென்று இருக்கும்.
இடி விழுந்தால் அது மடியணும்,
மேலே இருப்பது நிற்கணும்.
அதுக்காக விட்ட இடம்."

"கூரைப் பக்கம்?"

"அது பழைய ரகம். உன் கத்தரிக்கு லேசு."
சொல்லிவிட்டு இருமினான்.
இருமல் அவன் விலா எலும்பை
எங்கேயோ தொட்டிருக்க வேண்டும்;
பிறகு வெகுநேரம் பேசவில்லை.

ஒரு சாண். ஐலி விரித்து அளந்தாள்.
அவள் சாணா, அவன் சாணா?
கேட்கவில்லை.
நான்கு விரல் கூடவே விட்டு
உடைந்த பல்லோடு கடித்தாள்.

கடி இறங்கியது.

தூணைக் கழற்றிப் பனியில் போட்டபோது
மணியடித்த மாதிரி ஒரு சத்தம்.
ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவன்
தலையைத் திருப்பி அதையே பார்த்தான்,
ஆலையில் தரம் பார்க்கிறவன் போல.
வரைபடம் அப்போது நாற்பது சதவீதம்.

"மான்?" என்றான்.

ரத்தத் தடம் காட்டுக்குள் போயிருந்தது.
தேடிப் போனவர்களின் நாய்க்குக்
கழுத்தில் ஒரு சின்ன விளக்கு.
மரங்களுக்கிடையே அது கொஞ்ச நேரம்
தெரிந்தது.